எடையும் நடையும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து வடக்கு நோக்கிக் காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து செல்வோர், மண்ணச்சநல்லூரை நெருங்கும்பொழுதே அவ்வூரின் தொழில் இன்னதென அறிந்துகொள்வர். அவித்த நெல்லின் மணம் காற்றோடு கலந்து வரும். அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள் தொலைவிலேயே தோன்றும். மண்ணச்சநல்லூர்ப் பொன்னி அரிசி என்றால் பிற மாவட்டங்களிலும் அதற்குத் தனி மதிப்பு உண்டு. பொன்னி என்பது காவிரியின் பெயர். ஆற்றின் பெயரை அரிசிக்கு இட்டு வழங்குதல் பொருத்தமேயாகும்.

ஆலைக்கு வரும் நெல்லை முதலில் நீரில் ஊறவைப்பர், பின்னர் நீராவியில் அவிப்பர், அதன்பின் உலர்த்துவர். உலர்ந்த நெல்லிலிருந்து உமியை நீக்கி, எஞ்சிய அரிசியின் மேலுள்ள தவிட்டையும் தீட்டி எடுப்பர். 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமியாகப் போகும். 8 கிலோ அளவு தவிடாகப் போகும். நார்ச்சத்தும் எண்ணெய்ச்சத்தும் உயிர்ச்சத்துகளும் அத்தவிட்டிலேதான் மிகுதியாக உள்ளன. நெல்லை அவிக்கும்பொழுது உயிர்ச்சத்துகளுள் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. ஆதலால், புழுங்கலரிசி பச்சரிசியினும் ஓரளவு மேம்பட்டது. ஆயினும், நார்ச்சத்து தவிட்டோடு வெளியேறிவிடுகின்றது. வெண்மை வேண்டுமென்று நாம் மேலும் மேலும் தீட்டுகின்றோம். தவிட்டை மாட்டுக்கு வைக்கின்றோம். நார்ச்சத்தைப் பொறுத்தவரையில் மாடு நம்மினும் நல்ல உணவு உண்கின்றது!

இப்பாடம் அரிசியைப் பற்றியது அன்று. அரிசியை உண்டு வளரும் உடலைப் பற்றியது. பிள்ளைப் பருவத்திலிருந்து இளமைப் பருவம் வரை நம் உடலின் எடை எவ்வாறு மாறுகின்றது, அம்மாற்றத்தை உணவாலும் நடையாலும் எவ்வளவு தூரம் நெறிப்படுத்தலாம் என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் நாட்டுப் பிள்ளைகளைப் பற்றிய கவலை, எடை குறைவு என்பதே. அயர்லாந்தில் பிறந்த மருத்துவர் இராபர்ட் மக்காரிசன் என்பார், நீலகிரியில் உள்ள குன்னூரில் அமர்ந்து இந்திய உணவுகளை ஆராய்ந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவ்வவ்வாறே சமைத்து, இளம் எலிகளுக்குத் தனித்தனியாக ஊட்டி, அவற்றின் எடையை ஒப்புநோக்கினார். முழுக் கோதுமை, பால், தயிர், பருப்பு, காய்கறி ஆகியவற்றைக் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாணத்தார் உணவை உண்ட எலிகள் கடையிடத்தில் நின்றன. இது நமக்குப் பெருமை தரும் செய்தி அன்று. எனினும், மறைக்கத் தக்கதும் அன்று. குன்னூரில் தோன்றிய அந்த ஆராய்ச்சி நிலையமே 1958-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

பசித்த வயிற்றோடு பாடம் கேட்க இயலாது என்பதை உணர்ந்த பெருந்தலைவர் காமராசர், 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைப் பரப்பினார். பின்னர் 1982-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளில், முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அவர் அதனைத் தொடங்கிய இடம் தலைநகரம் அன்று; திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சி என்னும் சிற்றூரே ஆகும். 2022-இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் சேர்ந்தது. இத்திட்டங்கள் யாவும் எடை குறைந்த பிள்ளையை மனத்திற்கொண்டு தோன்றியவை. அப்பிள்ளை இன்றும் நம்மிடையே உள்ளான். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 25 பேர் வயதுக்குரிய உயரம் அற்றவர்கள்.

அதே கணக்கெடுப்பு மற்றொரு செய்தியையும் கூறுகின்றது. தமிழ்நாட்டில் வளர்ந்த பெண்டிருள் நூற்றுக்கு 40 பேரும், ஆடவருள் 37 பேரும் உரிய அளவினும் மிகுந்த எடை உடையவர்கள். அதற்கு முன் 2015-16-இல் எடுத்த கணக்கில் இவ்வெண்கள் முறையே 31-உம் 28-உம் ஆக இருந்தன. ஐந்தாறு ஆண்டுகளில் ஏற்பட்ட ஏற்றம் இது! ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டிலேயே, மெலிந்த குழந்தையும் பருத்த பெற்றோரும் வாழும் நிலையை இன்று காண்கின்றோம். மெலிந்த குழந்தையே பின்னாளில் பருத்த பெற்றோர் ஆகின்றதோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. அவ்வையத்துக்கு விடை காணும் முன், உடல் வளரும் முறையை அறிதல் வேண்டும்.

பிறந்தபொழுது ஏறக்குறைய மூன்று கிலோ உள்ள குழந்தை, ஐந்து திங்களில் அதனைப்போல் இரு மடங்காகின்றது, ஓராண்டில் மும்மடங்காகின்றது. அதன்பின் வளர்ச்சியின் வேகம் தணிகின்றது. கொழுகொழுவென்றிருந்த குழந்தை மூன்று நான்கு வயதில் கொடிபோல் மெலிந்து உயர்கின்றது. இதனைக் கண்டு தாய்மார் அஞ்சி, நெய்யும் சீனியும் ஊட்டத் தொடங்குவர். அஞ்ச வேண்டுவதில்லை; அஃது இயற்கை. ஐந்து அல்லது ஆறு வயதளவில் அம்மெலிவு நின்று, உடல் மீண்டும் சிறிது சிறிதாகத் திரளத் தொடங்குகின்றது. இதனை மருத்துவர் கொழுப்பு மீளேற்றம் என்பர். பின்னர்ப் பருவம் எய்தும் காலத்தில் இரண்டாம் முறையாக வேகம் பிறக்கின்றது. பெண் பிள்ளைகளுக்கு இது முற்பட வருகின்றது. ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுப் பிற்பட வருகின்றது. அக்காலத்தில் பெண்களின் உடலில் கொழுப்புச் சிறிது கூடுவதும், ஆண்களின் உடலில் தசை கூடுவதும் இயல்பு. ஏழாம் வகுப்பில் படிக்கும் பெண், கடந்த ஆண்டினும் ஐந்து கிலோ கூடிவிட்டேனே என்று கலங்குதல் பொருந்தாது; அவள் உயரமும் கூடியிருக்கும். பதினாறு, பதினெட்டு வயதில் உயரம் நின்றுவிடுகின்றது. அதன்பின் ஏறும் எடைக்கு உயரத்தைக் காரணம் காட்ட இயலாது.

எடையை மட்டும் கொண்டு பருமனை அளக்க முடியாது. நெட்டையனும் குட்டையனும் ஒரே எடையாக இருக்கலாம். ஆதலால், எடையை உயரத்தோடு சார்த்திப் பார்ப்பதற்குப் பெல்ஜிய நாட்டு அறிஞர் கெத்தலே என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வழி கண்டார். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமும் 63 கிலோ எடையும் உள்ள ஓர் இளைஞரைக் கொள்வோம். 1.65-இன் வர்க்கம் ஏறக்குறைய 2.72. 63-ஐ அதனால் வகுத்தால் 23 கிடைக்கும். இதுவே உடல் நிறைக் குறியீட்டெண். வளர்ந்த இந்தியருக்கு இவ்வெண் 23-ஐத் தாண்டினால் எச்சரிக்கையாக இருத்தல் நன்று என்பது மருத்துவர் கருத்து. மேலைநாட்டாருக்கு 25 வரை இடம் தருகின்றனர். நமக்கு ஏன் குறைத்தனர்? அதே எண்ணில் நம் உடலில், சிறப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு மிகுதியாகவும் தசை குறைவாகவும் இருத்தலே காரணம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த எண்ணை நேரே பொருத்துதல் கூடாது. அவர்களுக்கென வயதுவாரியாக வரைந்த வளர்ச்சிக் கோடுகள் உள்ளன. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் ஐந்து முதல் பதினெட்டு வயது வரைக்குரிய கோடுகளை 2015-இல் வெளியிட்டுள்ளது.

இனி, மேலே எழுந்த ஐயத்துக்கு வருவோம். தில்லி மாநகரில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளை, பிறந்த நாள் தொட்டுப் பல ஆண்டுகள் விடாது அளந்து குறித்துவைத்தனர். நம் வேலூரிலும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் அக்காலத்தில் இத்தகைய பணியை மேற்கொண்டனர். தில்லிக் குழந்தைகளுள் 1,492 பேரை, அவர்கள் 26 முதல் 32 வயது வரை எய்திய பின் மீண்டும் தேடிக் கண்டு, குருதியில் உள்ள சர்க்கரையைச் சோதித்தனர். முடிவு 2004-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு நால்வருக்கு மேல் அவ்விளவயதிலேயே நீரிழிவு நோய் இருந்தது. மேலும் பதினொருவர் அளவில் அந்நோயின் வாயிலில் நின்றனர். அவர்களுடைய பழைய ஏடுகளைப் புரட்டியபொழுதுதான் வியப்பு விளைந்தது. அவர்கள் இரண்டு வயது வரை மெலிந்த குழந்தைகளாக இருந்தவர்கள். கொழுப்பு மீளேற்றம் அவர்களுக்குப் பிறரினும் முந்தி வந்தது. அதன்பின் ஆண்டுதோறும் விரைந்து எடை ஏறினர். ஆயினும், பன்னிரண்டு வயதில் அவர்களுள் ஒருவர்கூடப் பருமன் உடையவராக இல்லை!

இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். வகுப்பில் பருத்த பிள்ளை யார் என்று தேடினால், அவர்களுள் ஒருவரையும் நாம் கண்டிருக்க மாட்டோம். மெலிந்த குழந்தை நடுத்தர உடல் பெற்றதைக் கண்டு பெற்றோர் மகிழ்ந்திருப்பர். ஆசிரியரும் ஒன்றும் எண்ணியிருக்க மாட்டார். வயலில் ஒவ்வொருவரும் தத்தம் வரப்பின் மீது நடப்பதுபோல, ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வளர்ச்சிக் கோடு ஒன்று உண்டு. ஒருவன் எந்த வரப்பில் நிற்கின்றான் என்பதனினும், தன் வரப்பை விட்டு மேல் வரப்புக்கும் அதற்கு மேல் வரப்புக்கும் ஏறிச் செல்கின்றானா என்பதே காண வேண்டியது. அதனை ஒரு நாள் பார்வையால் அறிய முடியாது. ஆண்டுதோறும் அளந்தால்தான் புலப்படும்.

பருமனைக் குறைக்கப் பள்ளிகளே திட்டம் வகுத்து நடத்தியதும் உண்டு. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில், 1992-இல் அரசு அத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மிகுந்த எடையுள்ள மாணவரைத் தனியே பிரித்து, இடைவேளையிலும் பள்ளி முடிந்த பின்னும் ஓடவும் உடற்பயிற்சி செய்யவும் வைத்தனர். பயன் விளையவில்லை என்று கூற முடியாது. 1992-இல் நூற்றுக்கு 14 ஆக இருந்த மிகை எடை மாணவர் தொகை, 2006-இல் 9.5 ஆகக் குறைந்தது. எனினும், 2007-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பிரித்து நிறுத்தப்பட்ட பிள்ளைகள் பிறரின் எள்ளலுக்கு இலக்காயினர். திட்டத்தின் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிருந்து படித்தால், கொழுப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அமைந்துவிட்டது. பிள்ளைகள் விடுவார்களா? அதன்பின் எல்லா மாணவரையும் ஒருசேரத் தழுவும் உடல்நலக் கல்வி அவ்விடத்தைப் பெற்றது. எண்ணிக்கை குறைந்தும் திட்டத்தை மாற்றிய அவ்வரசின் செயலைப் பிழையென்று யான் கருதவில்லை.

எள்ளல் நம் வகுப்புகளிலும் இல்லாமல் இல்லை. குண்டன், பூசணிக்காய், ஒல்லிக்குச்சி முதலிய பட்டங்களை நாம் எத்துணை எளிதாகச் சூட்டிவிடுகின்றோம்! பட்டம் பெற்ற பிள்ளை முதலில் விளையாட்டுத் திடலைத் துறக்கின்றான். ஓடினால் சிரிப்பார்களே என்று ஓரத்தில் அமர்கின்றான். அமர்ந்தவன் எடை ஏறுகின்றது; ஏறியதைக் கண்டு மேலும் சிரிக்கின்றோம். நகைத்தல் மருந்தாகாது, நோயை வளர்க்கும் என்பதை ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன.

அவ்வாறாயின், பயன்தரும் வழி யாது? அமெரிக்க உளவியலார் லெனார்ட் எப்ஸ்டீன் என்பார், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பருத்த பிள்ளைகளின் குடும்பங்களை மூன்று பிரிவாக்கினார். உணவுகளைச் சாலை விளக்குபோலச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுத்துக் கற்பித்தார். நடையும் விளையாட்டும் சேர்ந்தன. முதற்பிரிவில் பிள்ளையோடு பெற்றோரும் தம் பழக்கத்தை மாற்ற வேண்டும். அவர்கள் எடைக்கும் கணக்கு உண்டு. இரண்டாம் பிரிவில் பிள்ளையின் எடைக்கு மட்டுமே கணக்கு. மூன்றாம் பிரிவில் குடும்பத்தினர் வகுப்புக்கு வந்தால் போதும், எடைக்குக் கணக்கில்லை. சில திங்களில் திட்டம் முடிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, அப்பிள்ளைகள் இளைஞரான பின், மீண்டும் அளந்தார். வயதுக்கும் உயரத்துக்கும் உரிய எடையினும் எவ்வளவு மிகுதி என்பதைக் கணக்கிட்டபொழுது, பெற்றோரும் மாறிய பிரிவில் அம்மிகுதி 7.5 விழுக்காடு குறைந்திருந்தது. மூன்றாம் பிரிவில் 14.3 விழுக்காடு கூடியிருந்தது. பிள்ளை மட்டும் மாறிய பிரிவினர் இவ்விரண்டுக்கும் இடையே நின்றனர். 1990-இல் வெளிவந்த இம்முடிவு, நம் வீடுகளுக்கும் பொருந்தும் என்றே தோன்றுகின்றது. தந்தை வடையும் பச்சியும் கையிலேந்தி, "நீ தின்னாதே" என்று மகனுக்கு உரைத்தால் எடுபடுமா?

ஒன்று கூறுதல் வேண்டும். எல்லாத் திட்டமும் இவ்வாறு பத்தாண்டு நிலைத்ததில்லை. பெரும்பாலானவற்றில் பயன் சிறிதே. திட்டம் முடிந்ததும் அச்சிறிதும் தேய்கின்றது. எடை இயந்திரத்தை மட்டும் நோக்கி மனம் தளர்வதும் சரியன்று. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். அறிவுரை பெறாதவருள், ஏறக்குறைய முப்பது திங்களில், நூற்றுக்கு 55 பேர் நோயாளர் ஆயினர். உணவைத் திருத்திக்கொண்டு நாள்தோறும் அரைமணி நேரமேனும் விரைந்து நடந்தவருள் 39 பேரே அந்நிலை எய்தினர். இத்தனைக்கும் நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அவர்கள் வளர்ந்தவர்கள், நாம் பேசுவது பிள்ளைகளைப் பற்றி. எனினும், எடை இறங்காவிடினும் நடை வீணாவதில்லை என்பது இதனால் விளங்கும்.

மெலிய வேண்டும் என்று உணவையே விலக்கும் பழக்கம் இப்பொழுது உயர்நிலைப் பள்ளி மாணவியரிடத்தும் காணப்படுகின்றது. நம்மூரை அடுத்த சமயபுரத்தில், பக்தர் நலத்துக்காக மாரியம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாகக் கருதிப் போற்றுகின்றனர். அது நம்பிக்கை, வேறு பொருள் உடையது. காலை உணவை விட்டுவிட்டுப் பள்ளி வாயிலில் பொட்டலத் தீனி வாங்கித் தின்னுதல் விரதமும் ஆகாது, சிக்கனமும் ஆகாது. வளரும் உடலுக்குப் பருப்பும் முட்டையும் கீரையும் பாலும் குறையக் கூடாது. குறைக்க வேண்டியவை வேறு. 300 மில்லி இனிப்புக் குளிர்பானத்தில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உண்டு. அதாவது ஆறு தேக்கரண்டி. வீட்டில் ஒரு குவளைக் காப்பிக்கு ஆறு கரண்டிச் சர்க்கரை இட்டால் நம் தாயார் வாளா இருப்பாரா? சோற்றைக் குறைத்து அவ்விடத்தில் காயை மிகுத்தலும் நன்று. அரிசி விளையும் ஊரில் இருந்துகொண்டு இதனைச் சொல்ல நாக்கூசுகின்றது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயர். அதன் பெரும்பகுதி மூலிகையைப் பேசவில்லை. உண்ணும் அளவையும், முன் உண்டது செரித்தமையையும் பற்றியே பேசுகின்றது.

இனி, பள்ளிப் படிப்பு முடியும் காலத்தைக் கருதுவோம். எடை மாற்றத்தில் மிகக் கவனம் வேண்டிய திருப்பம் இதுவே. ஆனால் இதற்கெனத் திட்டம் வகுத்தோர் மிகக் குறைவு. ஐந்து முதல் பதினேழு வயதினர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. சிற்றூர்களிலிருந்து மிதிவண்டியில் பள்ளிக்கு வந்து செல்லும் மாணவன் இதன் பெரும்பகுதியை வழியிலேயே முடித்துவிடுகின்றான். பதினோராம் வகுப்பில் அரசு மிதிவண்டி வழங்குகின்றது. அதனைக் கல்வித் திட்டம் என்றே எண்ணுகின்றோம். அஃது உடல்நலத் திட்டமும் ஆகும். பதினெட்டு நிறைந்ததும் என்ன நிகழ்கின்றது? மிதிவண்டி திண்ணையில் சாய்கின்றது. அவன் திருச்சிராப்பள்ளிக் கல்லூரிக்குப் பேருந்தில் செல்கின்றான். பின்னர்த் தவணையில் மோட்டார் வண்டி வாங்குகின்றான். அலுவலகத்திலோ கடையிலோ நாள் முழுதும் அமர்ந்து பணி செய்கின்றான். இரவில் கைபேசியோடு விழித்திருக்கின்றான். உண்ணும் அளவு மட்டும் பந்தாடிய காலத்து அளவாகவே நிற்கின்றது. ஆண்டுக்கு இரண்டு கிலோ ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாண்டில் பத்துக் கிலோ ஆகின்றது. பெண்களுக்குத் திருமணமும் மகப்பேறும் இதே காலத்தில் வருகின்றன. தெருவில் தனியே நடக்கவும் அவர்களுக்குத் தடை பல உள்ளன. பெண்டிர் எண்ணிக்கை ஆடவரினும் மிகுந்திருப்பதற்கு அவர்களையே குறை கூறுதல் அறமன்று. அவர்கள் அச்சமின்றி நடப்பதற்கு விளக்குள்ள தெருவும் திடலும் அமைத்துத் தருதல் ஊராட்சியின் பணி.

2013 முதல் இந்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் பள்ளிகளுக்கு வந்து மாணவர்களைச் சோதிக்கின்றனர். அவர்கள் வரும் நாளில், உம் எடையோடு உயரத்தையும் கேட்டுத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. உயரம் இல்லாத எடையால் எதனையும் கணக்கிட இயலாது. அளக்கும்பொழுது காலணியைக் கழற்றிவிடுக. பள்ளி முடிந்த பின்னும் அவ்வேட்டைத் தொலைக்காது, ஆண்டுக்கொரு முறை உம் பிறந்த நாளில் அடுத்த வரியை எழுதி வருக.